நிறைந்திருந்த பானை

"ஓ.எல். பாஸ் பண்ணின கையால மூக்குச்சளி துடைக்க ஏலுமாகா?"

என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி இது. பெயரும் கேட்கவில்லை, சுகமும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. வாப்பா தறிக்காரர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். உம்மா நூல் சுற்றுவார். என் ஓ.எல். சோதனை முடிவு வந்த அன்று உம்மா தெருவில் வீடு வீடாகப் போய்ச் சீனி கொடுத்தார். எதற்கென்று கேட்காதவர்களுக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கேள்வி.

"ஏலும் மிஸ்" என்றேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. கஞ்சி போட்டு மடித்து உடுத்தியிருந்த என் சேலையின் தலைப்பைப் பார்த்தார். அதில் ஒரு கறையும் இருக்கவில்லை.

"பாப்பம்" என்றார்.

பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் இடங்களுக்கு அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த இடங்களைச் சோதித்து, தொடர்ந்து நடத்தலாமா, பூட்ட வேண்டுமா என்று எழுதுவது அவருடைய உத்தியோகம். எழுபதுகளின் கடைசியில் மருதமுனையிலிருந்து பொத்துவில் போகும் வழியெங்கும் அந்த வேலைக்கு வந்து போனவர் அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த இடம் மருதமுனையில் தறிக்காரப் பெண்களின் பிள்ளைகளுக்காக ஊரார் தொடங்கியது. பழைய நூல் களஞ்சியம் ஒன்றைத் துப்புரவாக்கி, கூரை வளையில் வரிசையாகத் துணி ஏணைகள் கட்டியிருந்தார்கள். அதனால் ஊருக்கு அது ஏணை வீடு. அதற்கு முன்பு பிள்ளைகள் தறிக்குக் கீழேதான் கிடந்தார்கள். மிதிகட்டைக் குழிக்குள் தவழ்ந்து போவார்கள். சாயம் காய்ச்சும் அண்டாவைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். தாய் ஒரு கண்ணை நூலிலும் ஒரு கண்ணைப் பிள்ளையிலும் வைத்து நெய்ய வேண்டும். ஏணை வீடு வந்த பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு கண்ணாலும் நெய்தார்கள்.

அவர் காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பெண். கட்டையான உடம்பு. ஆண்கள் கையில் கட்டும் பெரிய மணிக்கூட்டை முகம் உட்பக்கம் பார்க்கக் கட்டியிருப்பார். காலில் பாட்டா செருப்பு. கலியாணம் முடித்தவரா, பிள்ளைகள் உண்டா என்பது யாருக்கும் தெரியாது. அதில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. "வீடு நிறையப் பிள்ளைகள் இரிக்கி, அதான் இந்தக் கெட்டித்தனம்" என்றது ஒரு கட்சி. "ஒண்டும் இல்ல, அதான் ஊரான் பிள்ளைட கோமணத்தையும் உதறிப் பாக்கிறா" என்றது மற்றக் கட்சி.

சோதிக்க வருகிறவர்கள் கதிரையில் இருந்து பதிவுப் புத்தகத்தைக் கேட்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் இருப்பார். பிள்ளைகள் எந்தப் பாயில் இருக்கிறார்களோ அதில் இருப்பார். சிலவேளை படுத்தும் பார்ப்பார். முதல் தடவை அவர் ஏணைக்கு அடியில் மல்லாந்து படுத்தபோது, மயக்கம் போட்டுவிட்டார் என்று எண்ணிச் சமையல் செய்கிற ராத்தா தண்ணீரோடு ஓடி வந்தார். அவர் படுத்தபடியே மேலே கையைக் காட்டினார். "வளையில பல்லி முட்ட போட்டிருக்கு. பிள்ள கண்ண முழிச்சா முதல்ல காணுறது அததான்" என்றார்.

ஒரு அளவு நாடா வைத்திருந்தார். அதன் ஒரு நுனி அவர் கையில், மறு நுனியைப் பிள்ளை ஒன்றுதான் பிடிக்க வேண்டும். பெரியவர்கள் பிடிக்க வந்தால் கொடுக்கமாட்டார். பிள்ளை ஓடினால் நாடாவும் ஓடும், அவரும் பின்னால் போவார். வாசலிலிருந்து கிணறுவரை அளக்கத் தொடங்கியவர், ஒருநாள் அடுத்த வளவு ஆட்டுக்கொட்டில்வரை அளந்துவிட்டுத் திரும்பி வந்தார். "கிணறு எவ்வளவு தூரம் எண்டு எனக்குத் தெரியும். பிள்ள எவ்வளவு தூரம் போகும் எண்டு இப்பதான் தெரிஞ்சுது" என்று அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை அந்த வேலி அடைக்கப்பட்டது.

ஆனால் அவரை ஊர் முழுக்க அறிந்தது வேறு ஒரு காரியத்தால். அவர் எங்கள் கையால் ஒன்றும் வாங்கிக் குடிக்கமாட்டார். பிள்ளைகளின் பானையில், பிள்ளைகளின் கோப்பையால், பிள்ளை ஒன்று மொண்டு கொடுக்கிற தண்ணீர் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தவரைத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் பெரிய குறை. கொடுத்ததை வந்தவர் மறுப்பது அதைவிடப் பெரிய குறை. ஏணை வீட்டுக் கமிட்டியின் தலைவர் எங்கள் பள்ளிவாசல் மரைக்கார். வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக வாசலிலேயே நிற்பார்.

"மிஸ், வெயில்ல வந்திரிக்கீங்க. ஒரு வாய் தேத்தண்ணி."

"வேணாம் மரைக்கார்."

"ஒரு சோடா?"

"வேணாம்."

"இளநியாவது? மரத்துல இரிந்து இப்பதான் இறக்கின."

"பிள்ளைகளுக்கு இண்டைக்கு இளநியா?"

ஒருமுறை உம்மா தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவித்து, வாழை இலையால் மூடி, தானே கொண்டு வந்தார். மிஸ் இலையை விலக்கி மணந்து பார்த்தார். அவருக்கு வாய் ஊறியதை நான் கண்டேன். "உங்கட வீட்டுக் கலியாணத்துக்குக் கூப்பிடுங்க, வந்து சட்டியோட தின்னுறன். இஞ்ச தின்ன ஏலா" என்று மூடிக் கொடுத்தார். உம்மாவுக்குக் கோபம் தீர நாளாயிற்று. "சாதி பாக்கிறாவாக்கும்" என்றார். "பிள்ளைகள்ட எச்சில் கோப்பையில குடிக்கிறவ என்ன சாதி பாக்கிற உம்மா?" என்று நான் கேட்டேன். வட்டிலப்பத்தை நாங்கள்தான் தின்றோம்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்தாரென்றால் அந்த இடம் தப்பியது. குடிக்காமல் எழுந்தாரென்றால் கதை முடிந்தது. அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊரே கண்டுபிடித்து வைத்திருந்த சட்டம் அது.

சாகாமத்தில் நெல் அறுக்கிற வேளாண்மை வெட்டுக் காலத்துக்கு மட்டும் ஒரு இடம் நடந்தது. வயல்வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை ஒரு தகரக் கொட்டிலில் வைத்திருந்தார்கள். அங்கே அவர் செய்த வேலையை ஒரு வண்டிக்காரர் எங்கள் கடைத்தெருவில் நடித்துக் காட்டுவார். உச்சி வெயில் நேரத்தில் போய்க் கொட்டிலுக்குள் இருந்தாராம். நடத்துகிற வயல்காரப் போடியார் வெளியே மரநிழலில் நின்று, "எல்லாம் சரிதானே மிஸ்?" என்றாராம். "சரி போலதான் கிடக்கு. நீங்களும் உள்ள வந்து கொஞ்சம் இருங்க, கதைப்பம்" என்றாராம். போடியார் வந்து இருந்தார். இவர் வேளாண்மையைப் பற்றிக் கேட்டார், குளத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார், போடியாரின் மூத்த மகனைப் பற்றிக் கேட்டார். போடியார் சால்வையை எடுத்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். பிறகு, "மிஸ், வெளிய போய்க் கதைப்பமே" என்றார். "பிள்ளைகளும் வரலாமா?" என்று இவர் கேட்டாராம். பொழுதுபடுமுன் அந்தத் தகரத்துக்கு மேல் தென்னோலைக் கிடுகு ஏறிவிட்டது.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான், அவர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்றால் நடுங்கினார்கள். எனக்கும் அவர்மேல் அன்பு இருக்கவில்லை. ஒரு நல்ல சொல் சொன்னவர் இல்லை. "இந்தத் துணி காயல்ல." "இந்தப் பிள்ளைட நகத்த வெட்டு." "பாட்டு நல்லாத்தான் படிக்கிறாய், ஆனா பின்னால ஒருத்தன் மண் தின்னுறான்." இப்படித்தான் கதைப்பார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் போன பிறகு நான் தரையில் இருந்து பார்ப்பேன். அங்கே இருந்து பார்த்தால் அவர் சொன்னது தெரியும்.

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டிய வருடம் வந்தது. அதற்கு முந்திய தடவை கிணற்றுக்குக் கட்டு இல்லை என்று எழுதி, "இனி ஒரு குறை கண்டா நான் பூட்டுத்தான் கொண்டு வருவன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டுக் கட்டியாயிற்று. பத்திரம் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் மறுபடி தறிக்குக் கீழே போக வேண்டும். அரைவாசிப் பெண்கள் தறியை நிறுத்த வேண்டிவரும். என் வேலையும் போகும். வேலை போனால் கலியாணப் பேச்சு தொடங்கும். பெரிய மாமா அதற்காகவே காத்திருந்தார்.

அவர் சொல்லாமல்தான் வருவார். ஆனால் அந்த முறை அரசாங்கக் கச்சேரியில் யாரோ மரைக்காரின் காதில் போட்டுவிட்டார்கள். மரைக்கார் கெட்ட மனிதர் அல்லர். விருந்தாளி வருகிற வீட்டை எப்படி வைப்பதென்று அவருக்குத் தெரிந்த விதத்தில் ஏணை வீட்டை வைத்தார். பெருநாள் உடுப்பு உடுத்தித்தான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினார். தலைக்கு எண்ணெய், கண்ணுக்குச் சுறுமா. புதுப் பன்பாய்கள் விரிக்கப்பட்டன. நசுங்கின தகரக் கோப்பைகள் மறைந்து, பூப்போட்ட சீனக் கோப்பைகள் வந்தன. நான் விடியும் முன்பே வெள்ளாப்பில் போய்ப் பானையை நிரப்பி, வாய்க்கு வடிதுணி கட்டி முடிச்சுப் போட்டேன். உடனே மரைக்கார் என்னைக் கல்முனைக்கு அனுப்பினார்.

"நல்ல விசுக்கோத்து வாங்கி வாகா. கிறீம் வெச்சது."

"அவ தின்னமாட்டா மரைக்கார்."

"தின்னாட்டியும் மேசையில இரிக்கணும். நம்மட மானம்."

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். மேற்கிலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டது போல வரும். பஸ் பிந்தியது. நான் விசுக்கோத்துப் பெட்டியோடு திரும்பி வந்து சேர்ந்தபோது அவர் உள்ளே நின்றார்.

ஏணை வீட்டில் சத்தம் இல்லை. அந்த வீட்டில் நான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதே இல்லை. பிள்ளைகள் பட்டுச் சட்டையிலும் சரிகைப் பாவாடையிலும் வரிசையாக இருந்தார்கள். உதடுகள் வெடித்திருந்தன. ஒருத்தி அழுது முடித்திருந்தாள், சுறுமா கன்னத்தில் இறங்கியிருந்தது. அவர் பானைக்கு முன்னால், கையில் சீனக் கோப்பையோடு நின்றார்.

"பான நிறைஞ்சிருக்கே" என்றார்.

மரைக்காரின் முகம் மலர்ந்தது. "ஓம் மிஸ். ஒங்களுக்காகத்தான். நிறைபானை."

"பிள்ளைகள் குடிச்சதா?"

"வயிறு முட்டக் குடிச்சாங்க. மறுகா நிரப்பிப் போட்டம்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தபடியால் அவர்கள் மரைக்காரைப் பார்த்தார்கள். பிறகு அவர் வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"ஓமா பிள்ள?"

எனக்கு ஒரு சொல் போதும். "ஓம்" என்றால் பத்திரம், வேலை, தெருப் பெண்களின் தறி எல்லாம் என் கையில். வாப்பா நெய்கிற தறி மரைக்காருடையது, அதுவும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. நான் பானையைப் பார்த்தேன். வடிதுணியும் என் முடிச்சும் நான் விட்டபடியே இருந்தன.

"இல்ல மிஸ்" என்றேன். "இது நான் வெள்ளாப்புல கட்டின முடிச்சி. ஆரும் அவுக்கல்ல. பிள்ளைகள் தண்ணி குடிக்கல்ல."

"உடுப்பு நனயும் எண்டுதான் மிஸ்" என்றார் மரைக்கார். அவர் குரல் சிறுத்துவிட்டது. "பெருநாள் உடுப்பு. ஒண்ணுக்குப் போனாலும் நனயும். நீங்க வந்து பாத்திட்டுப் போகுமட்டும் எண்டுதான்…"

அதற்குள் நான் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அவரிடம் அனுமதி கேட்கவில்லை, மரைக்காரிடமும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி மொண்டு முதல் பிள்ளைக்குக் கொடுத்தேன். வரிசை உடைந்தது. ஒருத்தன் பட்டுச் சட்டையிலேயே பாதியை ஊற்றிக்கொண்டான். "எனக்கு, எனக்கு" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். ராத்தா அடுப்படிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தகரக் கோப்பைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். அந்த வீட்டுக்கு அதன் சத்தம் திரும்பி வந்தது.

அவர் தரையில் இருந்து, ஆகச் சின்னதுக்குத் தன் கையால் பருக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஓய்ந்த பிறகு எழுந்து, "மிச்சம் கிடக்கா?" என்று கேட்டார்.

பானையைச் சரித்துக் காட்டினேன். வெறும் அடிதான் தெரிந்தது.

"முடிஞ்சி மிஸ்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

மிஸ் குடிக்காமல் போனாவாம் என்ற செய்தி தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டது. பெண்கள் நூல் ஒட்டின கையோடு வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி, "பூட்டப்போறாங்களாகா?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும் முன் அழத் தொடங்கினாள். மரைக்கார் விசுக்கோத்துப் பெட்டியைப் பார்த்தபடி இருந்தார். "ஒண்ட ஒரு வாயால ஊரு நாசமாப் போச்சுகா. படிச்ச பிள்ள எண்டுதானே ஒன்ன வெச்சம்" என்றார்.

"படிச்ச பிள்ள எண்டுதான் சொன்னன் மரைக்கார்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று தெரியாது. ஆனால் சொன்னதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

வீட்டில் வாப்பா எல்லாவற்றையும் கேட்டார். தாடியைத் தடவினார்.

"அவ கேட்டா, நீ மறுமொழி சொன்னாய். அப்ப அதுவும் சோதினதானே?"

"ஓம் வாப்பா."

"மார்க்கு எப்ப வரும்?"

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்தது. நாங்கள் கதவைத் திறக்கும்போது அவர் வாசற்படியில் இருந்தார். அன்று யாரும் எதையும் ஒழுங்கு செய்திருக்கவில்லை. இனி என்ன என்று எல்லோரும் கைவிட்டிருந்தோம். பிள்ளைகள் பழைய உடுப்பில், சளி ஒழுக, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் காலை முழுக்கப் பாயில் இருந்தார். வெயில் ஏறியபோது, "எனக்குத் தண்ணி ஆரு தாற?" என்று கேட்டார். மூன்று பேர் ஓடினார்கள். நசுங்கின தகரக் கோப்பை ஒன்று, விரல் முக்கின தண்ணீரோடு வந்தது. குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

மரைக்கார் வாசலில் நின்று "அல்ஹம்துலில்லாஹ்" என்றது தெருவுக்கே கேட்டது.

பத்திரத்தை அவர் முழு வருடத்துக்குக் கொடுக்கவில்லை, அரை வருடத்துக்குத்தான் எழுதினார். பொறுப்பாளர் என்ற இடத்தில் மரைக்காரின் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போட வைத்தார். நான் கையெழுத்திட்டேன். வாழ்த்துவார் என்று ஒரு கணம் நின்றேன்.

"சளி துடைக்கிற துணிய நிழல்ல போட்டிருக்காய். வெயில்ல போடு" என்றார்.

அடுத்த வருடம் மரைக்கார் தன் இளைய மகளுக்குக் கலியாணம் செய்தார். அழைப்பைத் தானே காரைதீவுக்குக் கொண்டுபோனார். மிஸ் வந்தார். பெண்கள் பக்கத்தில் எங்களோடு சஹனைச் சுற்றி இருந்து, ஒரே தட்டில் எங்கள் கைகளோடு கை சேர்த்துச் சாப்பிட்டார். கத்தரிக்காய்ப் பிரட்டலை மறுபடி மறுபடி கேட்டார். உம்மா வட்டிலப்பத்தைச் சட்டியோடு கொண்டு வந்து முன்னால் வைத்து, இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சொன்ன சொல்லு" என்றார். சட்டி வெறுமையாகத்தான் திரும்பியது. அன்றிலிருந்து உம்மா அவர் கட்சி.

அவர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியபோது அந்த வெற்றிடத்துக்கு விண்ணப்பம் கோரினார்கள். அதற்குள் நான் தபால்மூலம் படித்து ஏ.எல். சோதனையும் பாஸ் பண்ணியிருந்தேன். பெரிய மாமா வீட்டுக்கு வந்து, "ஒரு முஸ்லிம் பொம்புளப் பிள்ள பைலத் தூக்கிக்கிட்டு ஊரூராத் திரியிறதா? தனிய பஸ்ஸுல ஆரு வுடுவாங்க?" என்றார். நேர்முகப் பரீட்சையில் இருந்த ஐயாவும் அதையே வேறு சொல்லில் கேட்டார். "இண்டைக்கும் தனியத்தான் சேர் வந்தன்" என்றேன். நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். அவர் அதை வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"சனமான பஸ்ஸில சீற் பிடிக்கத் தெரியுமா உனக்கு?" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலை கோமாரிக்குப் போனேன். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. பஸ்ஸில் சீற் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே போனேன். கடற்கரையில் மீன் பிரிக்கும் பெண்களின் பிள்ளைகளைத் தென்னந்தோப்பில் ஒரு ஓலைக் கொட்டிலில் வைத்திருந்தார்கள். நடத்துகிறவர் ஓடி வந்து இளநீர் வெட்டப் போனார். "உங்கட வீட்டுக் கலியாணத்துக்குச் சொல்லி அனுப்புங்க" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் இருந்தேன். ஒரு சின்னவள் என் மடியில் ஏறி, சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பானை பாதிக்குக் குறைந்திருந்தது. அவளே இறங்கிப் போய் மொண்டு வந்தாள்.

குடித்தேன். உவர்த்தது. வெயிலில் நடந்து வந்த வாய் என்று எண்ணி இன்னும் ஒரு மிடறு குடித்தேன். உவர்த்தது. மற்றப் பிள்ளைகள் அதைத்தான் முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கிணறு நல்ல கிணறு மிஸ், எல்லாரும் குடிக்கிறதான்" என்றார் நடத்துகிறவர்.

கோப்பையை நிமிர்ந்தபடியே வைத்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.